ஏரி வலது கைப்பக்கம் இருக்கணும்

ஒரே நாள்ல சுத்திரலாமாவா? தாராளமா சுத்திரலாம் தம்பி. இந்தக் கேட்டு தொறந்ததும் உள்ள நொழஞ்சா, பொழுது சாயறதுக்குள்ள இதே டீக்கடையில வந்து உக்காந்து பஜ்ஜி திங்கலாம். புலிச்சுனை ஏரி என்ன கடலா? கஷ்டமான்னு கேட்டா, சுமாரு. சுமாரான நடை. கேக்கறவங்க எல்லாருக்கும் நான் சொல்றது அதுதான். அந்தச் சுமாராலதான் எனக்கும் ஒருத்தனுக்கும் நாப்பது வருசப் பழக்கம் அத்துப்போச்சு. அது கெடக்கட்டும்.

காருக்குள்ள இருக்கறது வீட்டம்மாவா? அந்தச் செருப்போட வேணாம்னு சொல்லுங்க. மழை பேஞ்சிருக்கு, அட்டை கெடக்கும். துணியில கல்லுப்பு முடிஞ்சு வெச்சுக்கங்க. ஏறுச்சுன்னா அத வெச்சு ஒரு ஒத்து ஒத்துங்க, தானா விழுந்துரும். புடுங்கிராதீங்க, ரத்தம் நிக்காது. பிளாஸ்டிக் கவரு இருந்தா கேட்டுலயே வாங்கி வெச்சுக்குவாங்க. சாப்பாட்ட எலையில மடிச்சு துணிப்பையில போட்டுக்கங்க. நான் பாருங்க, அப்பிடித்தான் கொண்டாந்திருக்கேன். ஒத்த ஆளுக்கு நாலு பொட்டலம் கட்டிக் குடுத்திருக்கா எங்க வீட்டுல. நாலு! நான் என்ன சீர் கொண்டா போறேன்னு கேட்டா, "காட்டுல பசிக்கும், பேசாமக் கொண்டு போங்க"ங்கறா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து சோறு போடுறா, என் வயித்தோட அளவு இன்னும் தெரியல பேச்சியம்மாளுக்கு.

ஆமா, தனியாத்தான் வந்திருக்கேன். சும்மாதான். பாதையெல்லாம் வெட்டி விட்டிருக்காங்களான்னு பாக்கலாம்னு.

எந்தப் பக்கமா போறதாவா? கேட்டீங்க பாருங்க ஒரு கேள்வி. அண்ணே, தம்பிக்கு இன்னொரு டீ போடுங்க. கேட்டத் தொறக்கற வாச்சர் இன்னும் வரல, நேரமிருக்கு.

உள்ள போனதும் பாதை ரெண்டாப் பிரியும். இடது பக்கம் மேட்டுப் பாதை. எடுத்த எடுப்புலயே ஏத்தம். ஏறி, சோலைக்குள்ள போயி, மொட்டப்பாறையில வெளிய வரும். வலது பக்கம் கரைப் பாதை. அது தண்ணி ஓரமாவே மட்டமாப் போகும். ரெண்டும் மறுகரையில ஒண்ணாச் சேந்துரும். மேட்டுப் பாதையில ஆரம்பிச்சா ஏரி ஒங்க வலது கைப்பக்கமே இருக்கும். அதான் முறை. கோயில்ல எப்பிடிச் சுத்தறோம்? சாமி வலது கைப்பக்கம் இருக்கத்தான. கரைப் பாதையில ஆரம்பிச்சா ஏரி இடது கைக்கு வந்துரும். அப்பிடி எதச் சுத்துவாங்க தெரியுமா? சுடுகாட்டுல, கொள்ளிக்கொடத்தத் தோள்ல வெச்சுக்கிட்டுச் சுத்துவாங்க.

எனக்கு மூடநம்பிக்கையெல்லாம் கெடையாது தம்பி. மில்லு வேலைய முடிச்சுட்டு ராத்திரிப் பள்ளிக்கூடம் போயி பத்தாவது பாஸ் பண்ணவன் நான். அறிவியல்ல நல்ல மார்க்கு. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?

நாங்க நாலு பேரு. திண்டுக்கல்லு பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லு. ஒச்சப்பன் கோன் வைண்டிங்கு, நாகூர்கனி கேண்டீனு, நான் பிட்டரு. சவரிமுத்து எனக்கு ஹெல்ப்பரு. ஸ்பேனர்னு நான் வாயத் தொறக்க வேணாம். கையப் பின்னாடி நீட்டினாப் போதும், எந்த நம்பரு வேணுமோ அது கையில இருக்கும். ராத்திரிப் பள்ளிக்கூடத்துலயும் ஒரே பெஞ்சு. அவன் தூங்குவான், நான் இடிச்சு எழுப்புவேன். பரீச்சையில என்னைய விட மார்க்கு வாங்கிட்டான். அதையும் நான் ஒண்ணும் சொல்லல.

வருசா வருசம் தைப்பூசத்துக்கு மில்லுல இருந்து பழனிக்குப் பாதயாத்திரை. நான்தான் கொடி. எங்க கூட்டத்துல ஒரு பழக்கம், கொடி பிடிக்கறவன் திரும்பிப் பாக்கக் கூடாது. அவன் திரும்பினா நடை தளரும், மொத்தக் கூட்டத்துக்கும் தளந்துரும். எவன் கால்ல கொப்புளம், எவன் உக்காந்துட்டான், அதெல்லாம் கடைசி ஆளு பாத்துக்கணும். அந்தக் கடைசி ஆளு சவரிமுத்து. வேதக்காரன் தம்பி அவன், ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போறவன். முருகனுக்கும் அவனுக்கும் ஒரு வேண்டுதலும் கெடையாது. சைக்கிள்ல ரெண்டு பக்கமும் தண்ணிக் கொடம் கட்டி உருட்டிக்கிட்டே பழனி வரைக்கும் பின்னாடி வருவான். மலை ஏற மாட்டான், அடிவாரத்துல சைக்கிளோட நிப்பான். பஞ்சாமிர்தத்த மட்டும் மதம் பாக்காமத் திம்பான். அத்தன வருசத்துல நான் ஒருக்கா திரும்பிப் பாத்ததில்ல. எதுக்குப் பாக்கணும்? அதுக்குப் பேருதான் நம்பிக்கை.

சரி, ரிட்டையரு ஆனோம். சாயங்காலமானா நாகூர்கனி வீட்டு மொட்டமாடி. ஒரு நாள் ஒச்சப்பன் போன்ல இந்த ஏரிப் படத்தக் காமிச்சு, "இத ஒருக்கா சுத்திட்டு வரலாமா மாப்ள"ன்னான். அவன் சும்மா கேட்டான். நான் சும்மா விடல. போறதுன்னா முறையாப் போவோம்னு மாடித் தரையில சாக்பீசால ஏரிய வரஞ்சேன். தனியா ஒருக்கா பஸ் ஏறி வந்து, சுத்திப் பாத்துட்டும் போனேன். யாரு எதத் தூக்கறதுன்னு பிரிச்சேன். ஒச்சப்பன் தயிர்சோறு, புளிச்சோறு. நாகூர்கனி தண்ணியும் அவிச்ச முட்டையும். சவரி மருந்துப் பை. ஊறுகாய நான் வெச்சுக்கிட்டேன். எண்ணெ சிந்தும், பொறுப்பான ஆளு தூக்கணும்.

காட்டுமாடு நிக்கும், சத்தம் போடாதீங்கன்னு வாச்சர் என்கிட்டச் சொல்லியிருந்தாரு. நான் ஒரு படி மேல போயி, உள்ள நொழஞ்சதும் பேச்சே கூடாதுன்னுட்டேன். கூப்பிடக் கூடாது, விசிலடிக்கக் கூடாது, போன அமத்திரணும். வழி காட்டறவனுக்கு மட்டும் விலக்கு. நாகூர்கனி கேட்டான், "காட்டுமாடு வந்தா என்ன மாப்ள பண்றது, மனு குடுக்கறதா?"ன்னு. அவனுக்கு எல்லாத்துலயும் நக்கலு.

பயிற்சி இல்லாமக் கூட்டிட்டு வரலாமா? தெனமும் விடியக்காலையில திண்டுக்கல் மலைக்கோட்டையில ஏத்தினேன். அதுலயே சவரி பிரச்சனை பண்ண ஆரம்பிச்சுட்டான். பாதியில நின்னுருவான். ஏண்டான்னா, "லேஸு அவுந்துருச்சுடா, கட்டிட்டு வர்றேன்"பான். மறுநாளும் லேஸு. அதுக்கு மறுநாளும் லேஸு. ஒரு நாளு போயிப் பாக்கறேன், கால்ல போட்டிருக்கறது ரப்பர் செருப்பு. அதுல லேஸு எங்க இருக்கு? சோம்பேறித்தனம் தம்பி. மனுசன் ஒக்காந்து பழகிட்டான்னா அவ்வளவுதான்.

நெஞ்சுல ஏதோ வெச்சிருந்தாங்க அவனுக்கு, மதுரையில. ஸ்டென்ட்டாம். படத்தக் காமிச்சான். நான் பாத்தேன், பேனாவுக்குள்ள இருக்குமே, அந்த மாதிரி ஒரு ஸ்பிரிங்கு. "டேய், நான் பிட்டரு. புது ஸ்பிரிங்கு போட்ட மிசினு முன்னய விட நல்லா ஓடும்"னு தைரியம் சொன்னேன். தைரியந்தான சொல்லணும்?

ஒரு நாள் சாயங்காலம் தனியா வீட்டுக்கு வந்தான். காப்பி குடிச்சான். குடிச்ச டம்ளரத் தானே கழுவி வெச்சான். ஏதோ கேக்கப் போறான்னு எனக்கு அப்பவே தட்டியிருக்கணும்.

"வீரா, நாம கரைப் பாதையில போயிட்டு, அப்பிடியே திரும்பி வந்துருவோமா? டாக்டரு மட்டத்துல நடங்கறாரு. ஏத்தம் வேணாம்ங்கறாரு."

"சுமாரான ஏத்தம்தாண்டா"ன்னேன். "பாதி போயிட்டு வந்த வழியே திரும்பறதுக்குப் பேரு சுத்தறதா? அப்பிடின்னா நீ கேட்டுலயே உக்காந்து டீ குடி. நாங்க சுத்திட்டு வந்து சொல்றோம் ஏரி எப்பிடி இருந்துச்சுன்னு."

பேச்சியம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பாத்து, "அண்ணன் சொல்றதக் காதுல வாங்குங்களேன்"னா. அவளுக்கு என்ன தெரியும், ஏரியப் பாத்திருக்காளா? சவரி சிரிச்சான். "இல்லம்மா, இவன் இல்லாத எடத்துல நான் போயி என்ன பண்ணப் போறேன். சரிடா, சுமாருதான? வர்றேன்"னான்.

வர்றேன்னான் தம்பி. அவன் வாயால சொன்னான்.

அப்பறமும் நான் விடல. நாளைக்கு ஒருத்தன் பேச்சு மாறக் கூடாதுல்ல? மறுநாள் மாடியில வெச்சுக் கேட்டேன். மேட்டுப் பாதையில, ஏரி வலது கைப்பக்கம் இருக்க, யாரு யாரு வர்றீங்க, கையத் தூக்குங்கன்னேன். ஒச்சப்பன் தூக்கினான். நாகூர்கனி ரெண்டு கையையும் தூக்கினான், அவன் நக்கலு. சவரி கொஞ்சம் பொறுத்துத் தூக்கினான். தூக்கினான் ஆனா. நான் பாத்தேன்.

அன்னிக்கு வந்தோம். இதே கடையிலதான் டீ. கேட்டு தொறந்துச்சு. நான் முன்னாடி, கொடிக்குப் பதிலாக் கையில ஒரு குச்சி. மேட்டுப் பாதையில ஏறினேன். நல்ல குளிரு, நல்ல நடை. ஏற ஏற ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே போறேன். இந்தா இது சோலை, பழைய காடு. அந்தா அது பைன், வெள்ளைக்காரன் கொண்டாந்து வெச்சது. இது மாடு ஒரசின மரம், பட்டை உரிஞ்சிருக்கு பாருங்க. யாரும் ஒரு வார்த்த பேசல. எனக்கு அம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தம்பி. என்ன கட்டுப்பாடு! மில்லுல ஒரு நாளு இப்பிடி இருந்திருப்பாய்ங்களான்னு நெனச்சேன். நாகூர்கனி வாயவே தொறக்கலன்னா பாத்துக்கங்களேன். நடுவுல தண்ணி வேணும்னு கையப் பின்னாடி நீட்டினேன். வரல. சரி, கொஞ்சம் தள்ளி வர்றாய்ங்க போலன்னு நடந்தேன்.

மொட்டப்பாறையில போயி நின்னு, "உக்காருங்கப்பா, இங்கதான் மொதப் பொட்டலம்"னு சொல்லிட்டுத் திரும்பறேன்.

ஒருத்தன் இல்ல.

எனக்கு மொதல்ல திக்குன்னு ஆயிருச்சு. மாடு முட்டிருச்சோன்னு. பாதையில கொஞ்ச தூரம் எறங்கி ஓடினேன். அப்பறம் மரத்து எடையில ஏரி தெரிஞ்சுச்சு. அந்தக் கரையில, மட்டத்துல, மூணு உருவம் ஊந்து ஊந்து போகுது. வெள்ளைத் தொப்பி நாகூர்கனி. செவப்புத் துண்டு சவரி, ஒச்சப்பன் தோளப் பிடிச்சுக்கிட்டு. கரைப் பாதையில போறாய்ங்க தம்பி! ஏரி இடது கைப்பக்கம்! மறுகரைக்குப் போயி மர நெழல்ல உக்காந்து, பையப் பிரிச்சு, சோத்துப் பொட்டலத்த எடுக்கறாய்ங்க. நான் இங்க ஊறுகாய வெச்சுக்கிட்டு நிக்கறேன். நாலு பேரு ஊறுகாயும் என்கிட்ட. நாலு பேரு சோறும் அவய்ங்ககிட்ட.

ஒச்சப்பன் துண்ட வீசினான். நான் வீசல. பாறையில உக்காந்து ஒரு ஊறுகாய்த் துண்ட வாயில போட்டேன். வெறும் ஊறுகா தின்னுருக்கீங்களா? கண்ணுல தண்ணி வந்துரும். அது ஊறுகாயாலதான்.

அப்பறம் நடந்து மறுகரைக்கு எறங்கினேன். அந்தப் பக்கம் போனா அவய்ங்களத் தாண்டித்தான ஆகணும். சவரி எந்திரிச்சான். கையில ஒரு பொட்டலம், பிரிக்காம வெச்சிருந்தான். "சாப்பிடுடா"ன்னான். நான் வாங்கல.

"ஏத்தத்துல எனக்கு மூச்சு முட்டிருச்சுடா. நின்னுட்டேன். இவய்ங்களும் நின்னுட்டாய்ங்க. நீ கூப்பிடக் கூடாதுன்னியே, அதனால கைதட்டினோம். எம்புட்டுத் தட்டினோம். நீ திரும்பவே இல்ல."

கைதட்டினாய்ங்களாம். கைதட்டிக் கூப்பிட நான் என்ன காக்காயா? அவன் பேசறப்ப ஒதடு வெளுத்துப் போயிருந்துச்சு. ஏரிக்காத்து, குளிரு. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "கை தூக்கினியா இல்லயா?"

அவன் அந்தப் பொட்டலத்த இன்னொரு தடவ நீட்டினான். வேற என்ன பண்ணுவான்? தூக்கினவன் அவன்தான.

நான் நடந்துட்டேன். பின்னாடி வந்தாய்ங்களோ என்னவோ, நான் திரும்பிப் பாக்கல. பஸ்ல நான் முன் சீட்டு, அவய்ங்க பின் சீட்டு. வீட்டுக்குப் போனா பேச்சியம்மா கதவத் தொறந்ததும் கேக்கறா, "சவரியண்ணனுக்கு ஒண்ணும் இல்லையே?" என் கால் எப்பிடி இருக்குன்னு கேக்கணுமா வேணாமா? பச்சத் தண்ணி கூட இல்லாம ஏரிய முழுசா ஒருத்தன் வலம் வந்திருக்கான், அவன விட்டுட்டு.

அதோட பேச்சு நின்னுச்சு. மாடிக்குப் போறதில்ல. நாகூர்கனி ரெண்டு தடவ வந்தான். "உன் ஏரிய நீயே வெச்சுக்க மாப்ள, மாடிக்கு வா"ன்னான். சாக்பீசு கோட்ட அழிக்காம வெச்சிருக்கானாம், பாத்து ஆறுதல் பட்டுக்கறதுக்கு. நான் போகல. தப்பு யாரு மேல? கை தூக்கினவன் வரணும். வந்து, "ஆமாடா, தூக்கிட்டுக் கால வாரிட்டேன்"னு ஒரு வார்த்த சொல்லணும். சொன்னா நான் பெருந்தன்மையா விட்டுருவேன்.

சவரிக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி, இன்னொரு ஸ்பிரிங்கு வெச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். பேச்சியம்மா போயிப் பாத்தா. ஆர்லிக்ஸு, ஆரஞ்சு எல்லாம் வாங்கிட்டுப் போனா. எனக்கு அன்னிக்கு வேலை இருந்துச்சு. என்ன வேலைன்னு ஞாபகம் இல்ல. இருந்துச்சு. அவ வந்ததும் நான் ஒண்ணும் விசாரிக்கல. "சோறு திங்கறானா"ன்னு மட்டும் பொதுவாக் கேட்டேன்.

இந்தத் தையில பாதயாத்திரை. நான்தான் கொடி. ஒட்டன்சத்திரம் தாண்டி வெயில் ஏறுது, தொண்டை காயுது. எப்பவும் அந்த எடத்துல பின்னாடி சைக்கிள் செயின் கரகரன்னு கேக்கும். எண்ணெ போட மாட்டான் அந்தப் பய, நான் பிட்டரு, எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. எத்தனையோ வருசம் திட்டியிருக்கேன். இந்தத் தடவ சத்தத்தக் காணோம். நான் திரும்பிட்டேன் தம்பி. கொடியப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிட்டேன். மொத்தக் கூட்டமும் நின்னுருச்சு. ஒச்சப்பன் ஓடி வந்து, "என்ன மாப்ள, என்ன பாக்கற?"ன்னான். ஒண்ணுமில்ல, கழுத்து புடிச்சுக்கிச்சுன்னேன்.

எனக்கென்ன வருத்தம்னா, ஏரிய அவன் சுத்தாமப் போனதுல இல்ல. முதுகுக்குப் பின்னாடி இருக்கான்னு நான் நெனச்சுக்கிட்டே நடந்தேன் பாருங்க, அம்புட்டுத் தூரம், பைன் மரம், பட்டை உரிஞ்ச மரம்னு. அத நெனச்சா இப்பவும் ஒடம்பு கூசுது. வெறுங்காத்துக்கிட்டப் பேசியிருக்கேன். ஒரு மனுசன இப்பிடியா பண்றது? நீங்களே சொல்லுங்க. படிச்சவரு நீங்க.

வாச்சர் வந்துட்டாரு. அடுத்த பஸ்ஸும் வந்துருச்சு போல, ஆரன் கேக்குது. தம்பி, நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். அட்டைக்குக் கல்லுப்பு. வீட்டம்மாவுக்கு வேற செருப்பு. பக்கம் மட்டும் மாத்திராதீங்க. வீட்டம்மாவுக்கு மூச்சு வாங்கும்னா... வாங்கும்னா என்ன, மெதுவா ஏறச் சொல்லுங்க.

யாரோ கைதட்டறாங்க. ஒங்களத்தான் கூப்பிடறாங்க போல. உங்க டிரைவரா? இல்லயா? பின்ன யாரு?

என்னையவா? எனக்குப் பின்னாடியா? எத்தன பேரு? வெள்ளைத் தொப்பி ஒண்ணு. ம். இன்னொருத்தரு ஒசரமா. ம். செவப்புத் துண்டு இருக்கா தம்பி? கைத்தடியோடவா? கைத்தடி எதுக்கு அவனுக்கு?

நான் இங்க வர்றது ஒரு ஆளுக்குத்தான் தெரியும். நாலு பொட்டலம்! ஏமாத்திட்டா தம்பி. எங்க வீட்டு அடுப்படியில வெச்சே திட்டம் போட்டிருக்காய்ங்க. ஊரே ஒண்ணாச் சேந்து ஒரு மனுசன...

"டேய் வீரணா! இன்னும் எம்புட்டு நேரண்டா தட்டறது? கை நோகுதுடா, திரும்புடா!"

அவன்தான். கொரல் பரவால்ல, கணீர்னுதான் இருக்கு.

"ஊறுகா கொண்டாந்தியா?"

பாத்தீங்களா, மன்னிப்பு இல்ல, ஒண்ணு இல்ல. ஊறுகா கொண்டாந்தியாவாம். கொண்டாந்திருக்கேன்டா! கொண்டாராம இருப்பேனா? தம்பி, அந்தப் பைய இப்பிடிக் குடுங்க. பாத்து, எண்ணெ சிந்தும். நான் வர்றேன். இல்ல, இல்ல, சமாதானமெல்லாம் ஒண்ணும் ஆகல. பாருங்க எங்க போயி நிக்கறான்னு. கரைப் பாதை இருக்கற பக்கம். தெரிஞ்சுதான் நிக்கறான்.

நில்லுடா, வர்றேன்! அங்கயே நில்லு! நீ முன்னாடி நட. ஆமா, நீதான் முன்னாடி. ஒன்னைய முதுகுக்குப் பின்னாடி விட்டு ஒருக்கா பட்டது போதும் எனக்கு. கண்ணுக்கு முன்னாடி நட!